"அது வீட்டு வேலைங்க மேடம்"

போன வருடம் ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. காலையிலிருந்து பதினொரு பேரைப் பார்த்து முடித்திருந்தேன். பன்னிரண்டாவதாக வந்த பையன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். அன்னூர் பக்கம் ஒரு கிராமம். அவன் நீட்டிய தாளை வாங்கிப் படித்தேன். "சவாலான சூழலில் பணியாற்றி, நிறுவனத்தின் வளர்ச்சியோடு நானும் வளர விரும்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் முதல் வரி. பலம் என்ற இடத்தில் கடின உழைப்பு, தன்னம்பிக்கை, குழுவாக வேலை செய்தல். பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, கிரிக்கெட். அன்று அதற்கு முன்பு பார்த்த பதினொரு தாள்களிலும் கிட்டத்தட்ட இதே வரிகள்தான் இருந்தன. பெயரும் மார்க்கும்தான் வேறு.

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் 19 வருடமாக ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒருவரைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். அவனிடமும் கேட்டேன்.

"லீவுல எல்லாம் வீட்டுல என்ன பண்ணுவீங்க தம்பி?"

"சும்மாதானுங்க மேடம் இருப்பேன்."

"சும்மான்னா?"

"எங்க மாமா மோட்டாரு காயில் கட்டற பட்டறை வெச்சிருக்காருங்க. அங்க போவேனுங்க. ஒத்தாசைக்கு."

"ஒத்தாசைன்னா டீ வாங்கிட்டு வர்றதா, காயில் கட்டறதா?"

பையன் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். "அஞ்சு ஹெச்பி, ஏழரை ஹெச்பி எல்லாம் நானே கட்டிருவேனுங்க."

பிறகு பத்து நிமிடம் அவன்தான் பேசினான். பழைய காயிலைப் பிரிப்பதற்கு முன்னால் எத்தனை ஸ்லாட், ஒரு ஸ்லாட்டில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், கனெக்‌ஷன் ஸ்டாரா டெல்டாவா என்று குறித்துக்கொள்வானாம். போர்வெல்லுக்குள் தண்ணீரில் கிடக்கும் மோட்டார் என்பதால் பாலி சுற்றிய கம்பிதான் போட வேண்டும் என்றான். கட்டி முடித்ததும் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்க்காமல் மாமா மோட்டாரை வெளியே விடமாட்டாராம். ஒரு மோட்டார் எரிந்து வந்தால் ஏன் எரிந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன். "ஒரு ஃபேஸ் கட்டாகி ஓடியிருந்தா பார்த்தாலே தெரிஞ்சுருமுங்க. ஸ்டார் கனெக்‌ஷன்னா ரெண்டு ஃபேஸ் காயில் கருகி ஒண்ணு மட்டும் நல்லா இருக்கும். டெல்டான்னா ஒரு ஃபேஸ் மட்டும் கருகியிருக்கும். எல்லாமே ஒண்ணு போலக் கருகியிருந்தா வோல்டேஜ் கம்மியா இருந்திருக்கும், இல்லாட்டி ஓவர் லோடுங்க." பாடப்புத்தகத்தில் படித்ததை ஒப்பிக்கும் குரல் இல்லை அது.

"இதை ஏன் தம்பி இந்தத் தாளில் எழுதலை?"

"அது வீட்டு வேலைங்க மேடம். சர்ட்டிபிகேட் எல்லாம் இல்லீங்களே."

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அவன் சொன்ன இந்த ஒரு பதிலுக்காகத்தான். 19 வருடத்தில் இதே பதிலை வேறு வேறு வார்த்தைகளில் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு வேலை தெரியும், ஆனால் தனக்குத் தெரிந்தது வேலை என்பதே தெரியவில்லை. முத்திரை குத்திய தாளில் இருப்பதை மட்டும்தான் எழுதலாம் என்று நினைக்கிறார்கள். கையில் இருப்பதை வீட்டிலேயே வைத்துவிட்டு, கடன் வாங்கிய வரிகளோடு வந்து நிற்கிறார்கள்.

இதில் பிள்ளைகள் மேல் தவறில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் வேலை என்றால் பல வருடங்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகம்தான். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி என்று ஒவ்வொரு சான்றிதழையும் பதிந்து வைப்பது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிப்பது, பதிவு மூப்புப்படி கார்டு வரும் என்று காத்திருப்பது. அந்த வரிசையில் நின்ற யாரிடமும் உனக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்டதில்லை. என்ன படித்தாய், எப்போது பதிந்தாய், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்திருக்கிறது.

இன்னொரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2010-ஆம் ஆண்டிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு, கவுன்சிலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கிறது. அதனால் உள்ளே வந்த பிள்ளைகளை வரிசையாகப் பார்க்கிறேன். வீட்டில் பயோடேட்டா எழுதிய ஆளே இல்லாத பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் இருக்கும் அண்ணனிடம்தான். அவர் கம்ப்யூட்டரில் ஒரு மாடல் இருக்கிறது. பெயரையும் மார்க்கையும் மாற்றி பிரின்ட் போட்டுக் கொடுக்கிறார். அப்பா பெயர், மதம், சாதி, ரத்த வகை, திருமணம் ஆகவில்லை என்பது வரை அதில் உண்டு. ஜாதகக் குறிப்பு போல. தனியார் கம்பெனிக்கு இதில் ஒன்றுகூட வேண்டாம், எடுத்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ் தேவைப்படும் அரசு வேலைக்கு அதைத் தனியாகக் கேட்டு வாங்குவார்கள்.

உள்நாட்டிலேயே தயாரான முதல் மின்மோட்டார் 1937-இல் நம் கோவையில்தான் உருவானது. அதன் பின்னால் இருந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். அந்த ஊரில் மோட்டார் காயில் கட்டத் தெரிந்த ஒரு பையன், அதை எழுத வெட்கப்பட்டு, பாட்டுக் கேட்பேன் என்று எழுதி வைத்திருக்கிறான்.

அன்று அவனை உட்கார வைத்து ஒரு வெள்ளைத் தாளில் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். "மோட்டார் ரிப்பேர் தெரியும்" என்றுதான் அவன் ஆரம்பித்தான். அது போதாது. எங்கே, எப்போதிலிருந்து, எந்த அளவு மோட்டார், எதுவரை தனியாகச் செய்வாய், மாதத்துக்கு எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியில் வந்தது இது: "2021 முதல் விடுமுறை நாட்களில் உறவினரின் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை. 3 முதல் 10 ஹெச்பி வரையிலான சப்மெர்சிபிள் மோட்டார்களைப் பிரித்து, பழைய வைண்டிங் விவரங்களைக் குறித்து, புதிய காயில் கட்டி, மெக்கர் சோதனை வரை தனியாகச் செய்வேன். கோடை மாதங்களில் மாதம் 6 மோட்டார் வரை." மூன்றே வாக்கியம். இதில் பெருமையடிப்பது எதுவும் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. படிக்கும் எங்கள் வைண்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசருக்கு இந்தப் பையனை எந்த மேஜையில் உட்கார வைக்கலாம் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

உங்கள் தாளை யார் படிக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். என்னைப் போன்ற ஒருவர் முதலில் புரட்டுவார். நான் தேடுவது மூன்றே விஷயம்: என்ன படிப்பு, எந்த வருடம் முடித்தது, நாங்கள் கேட்ட வேலையைத் தொட்ட அனுபவம் உண்டா. அதைத் தாண்டினால் தாள் ஷாப் ஃப்ளோருக்குப் போகும். அங்கே படிப்பவர் கைவேலை தெரிந்தவர். அவருக்கு 'தன்னம்பிக்கை' என்ற சொல்லால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. மெஷின் பெயர், அளவு, பொருள் பெயர், இதைத்தான் அவர் கண் தேடும். பெரிய கம்பெனிகளிலும் வேலைவாய்ப்பு இணையதளங்களிலும் மனிதர் பார்ப்பதற்கு முன்னால் மென்பொருள் பார்க்கிறது. அதுவும் அதே பெயர்களைத்தான் தேடும். ஆகவே விளம்பரத்தில் அவர்கள் என்ன வார்த்தை போட்டிருக்கிறார்களோ, அது உங்களுக்கு உண்மையாகவே தெரிந்திருந்தால், அதே வார்த்தையை எழுதுங்கள்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷின் ஒரு நல்ல உதாரணம். கோவையில் வரும் தாள்களில் பாதிக்கு மேல் "சிஎன்சி தெரியும்" என்று இருக்கும். அந்த இரண்டு வார்த்தைக்குள் நான்கு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஜாப்பை மாட்டி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, வந்ததை வெர்னியரில் அளந்து பார்ப்பவர் ஆபரேட்டர். இன்செர்ட் தேய்ந்து அளவு 20 மைக்ரான் நகர்ந்தால், யாரையும் கூப்பிடாமல் ஆஃப்செட் கொடுத்துச் சரி செய்பவர் அடுத்த படி. புது ஜாப் வந்தால் சக் ஜாவை போரிங் செய்து, டூல் எல்லாம் செட் பண்ணி, முதல் பீஸை எடுத்து ஓகே வாங்குபவர் செட்டர். வரைபடத்தைப் பார்த்து புரோகிராம் எழுதுபவர் அதற்கும் மேலே. நான்கு பேருக்கும் சம்பளம் நான்கு விதம். "சிஎன்சி தெரியும்" என்று மட்டும் எழுதிய செட்டரை நாங்கள் ஆபரேட்டர் சம்பளத்துக்குத்தான் கூப்பிடுவோம். அவருக்கே அது தெரியாமல் போய்விடும். டர்னிங்கா மில்லிங்கா, ஃபேனக் கன்ட்ரோலா சீமென்ஸா, குறைந்தபட்சம் எத்தனை மைக்ரான் டாலரன்ஸில் வேலை செய்திருக்கிறீர்கள் என்பதை எழுதினால் பேச்சு வேறு இடத்தில் தொடங்கும்.

படிப்பைப் பற்றிக் கொஞ்சம். கடைசியாகப் படித்தது மேலே வர வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் கீழே ஒரு வரியில் போதும். அரியர் வைத்திருந்தால் மறைக்காதீர்கள். டிப்ளமோவுக்கு ஏப்ரல், அக்டோபர் என்று தேர்வு நடக்கிறது. மார்க் ஷீட்டில் மாதமும் வருடமும் அச்சடித்தே இருக்கும். அதைப் புரட்டினால் எந்தத் தாளை எப்போது எழுதினீர்கள் என்பது தெரிந்துவிடும். "அனைத்துத் தாள்களும் தேர்ச்சி, அக்டோபர் 2023" என்று நீங்களே எழுதிவிட்டால் அதற்குமேல் அதில் பேச எதுவும் இல்லை. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்ததால் ஒரு செமஸ்டர் தவறிவிட்டது என்று சொன்ன ஒரு பெண்ணை எடுத்திருக்கிறேன். கேட்கும்போது ஒரே வரியில் சொன்னாள். அந்த வரியில் ஒரு மனுஷியின் பொறுப்பு தெரிந்தது.

ப்ராஜெக்ட் விஷயத்தை வருத்தத்தோடு சொல்கிறேன். விலைக்கு வாங்கிய ப்ராஜெக்டை எழுதிக்கொண்டு வராதீர்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. நீங்களே கழற்றி மாட்டிய ஒரு பழைய பைக் கார்புரேட்டரைப் பற்றி எழுதினால் அது ஆயிரம் மடங்கு மேல். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் வந்த பிறகு கல்லூரிப் பிள்ளைகள் நிறைய கோர்ஸ்கள் முடித்துவிட்டு வருகிறார்கள், சந்தோஷம். ஆனால் கோர்ஸ் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கோர்ஸில் கற்றதை வைத்து என்ன செய்தீர்கள் என்று அடுத்த வரியில் எழுதுங்கள். செய்யவில்லை என்றால் தாளை அனுப்புவதற்கு முன்னால் சின்னதாக ஏதாவது செய்து பாருங்கள்.

எங்கள் வீட்டில் பட்டறை எல்லாம் இல்லையே என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு மாதக் கணக்கு பார்த்திருக்கிறாயா, என்.எஸ்.எஸ். முகாமில் நூறு பேருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்தாயா என்று திருப்பிக் கேட்பேன். அதுவும் இல்லையென்றால் ஒரு வருட அப்ரெண்டிஸ் போவது நல்லது. தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் உதவித்தொகையோடு ஒரு வருடம் கம்பெனிகளில் பயிற்சி எடுக்கலாம். அந்த ஒரு வருடம் அடுத்த தாளில் முதல் வரியாக நிற்கும். பட்டறையில் கற்று, சான்றிதழ் மட்டும் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் பிரிவு ஒன்று உண்டு.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சில வருடம் முன்னால் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஒருவர் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். பி.காம். 2016-இல் வேலையை விட்டிருக்கிறார். அதற்குப் பிறகு உள்ள இடத்தில் "இல்லத்தரசி" என்று ஒரே வார்த்தை. ஆறு வருடத்துக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. பேசப் பேசத் தெரிந்தது, கொழுந்தனாரின் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு முழுக் கணக்கும் அவர்தான் பார்க்கிறார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது யாருக்கும் ஒன்றும் புரியாமல் இருந்த நேரத்தில், தானே உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார். மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி, ஒரு மாதம்கூடத் தாமதக் கட்டணம் கட்டியதில்லையாம். துணி வெளியே போகும்போது இ-வே பில், டெய்லர்களுக்கு வாரக் கூலி, எல்லாமே டேலியில்.

"இதை எழுதலாமுங்களே" என்றேன்.

"சம்பளம் வாங்கலீங்களே மேடம். குடும்பத்துக்குச் செஞ்சது."

சம்பளம் வாங்காததால் அது வேலை இல்லை என்று யார் இவருக்குச் சொன்னது? நான் அன்று கோபப்பட்டேன், அவர் மேல் இல்லை. "2017 முதல் குடும்ப ஜாப் ஒர்க் யூனிட்டின் கணக்குப் பொறுப்பு" என்று எழுதி, அதன் கீழே செய்ததை எல்லாம் எழுதச் சொன்னேன். ஊதியம் பெறவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்று எங்கள் அக்கவுண்ட்ஸில் ரிட்டர்ன் முழுவதும் அவர் பொறுப்பு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கிறது. செய்யாத வேலையைச் செய்ததாக எழுதி, எங்கோ காசு கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்கி வருவது. எத்தனை மாதம் வேலை தேடிக் களைத்துப்போய் அந்த முடிவுக்கு வருகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் செய்யாதீர்கள். 2014-இலிருந்து பி.எஃப். கணக்குக்கு ஒருவருக்கு ஒரே யூஏஎன் எண்தான். பி.எஃப். பிடிக்கும் எந்தக் கம்பெனியில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்பது அந்த எண்ணின் பின்னால் வரிசையாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம் இது தெரியவந்து ஒரு பையன் வெளியே போனதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அவனுக்கு வேலை தெரிந்திருந்தது. அதுதான் மனதை உறுத்துகிறது. வேலை தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடமும், ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்பவர்களிடமும் போகவே வேண்டாம்.

நேரில் பேசும்போது ஆங்கிலம் தடுமாறினால் "தமிழில் சொல்லலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தமிழில் சொல்லுங்கள். இப்படிக் கேட்டதற்காக ஒருவரை என் மேஜையில் நான் திருப்பி அனுப்பியதே இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும், அதற்குப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் மெஷினில் அளவு ஏன் விலகியது என்று விளக்க, தெரிந்த மொழியே நல்லது. தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கோணலாக போட்டோ எடுத்து அனுப்பாமல் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். செய்த வேலையைக் காட்ட ஏதாவது இருந்தால் கையில் கொண்டு வாருங்கள்.

அன்னூர் பையனிடம் அப்படி ஒன்று இருந்தது. எந்தக் கம்பெனி மோட்டாருக்கு எத்தனை சுற்று, என்ன கேஜ் என்று தனக்காக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னான். மறுநாள் கொண்டு வரச் சொன்னேன். எண்பது பக்க நோட்டு, மூலையெல்லாம் வார்னிஷ் கறை. தேதி போட்டு, மோட்டார் வந்த ஊர் பெயர் போட்டு, ஏன் எரிந்தது என்று ஒரு வரியோடு. எங்கள் வைண்டிங் சூப்பர்வைசர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பாதியில் நிறுத்தி, "இந்தப் பதினெட்டாம் பக்கத்தை நான் காப்பி எடுத்துக்கலாமா தம்பி?" என்று கேட்டார். பையன் அந்த வாரமே சேர்ந்தான். இப்போது டெஸ்டிங் பெஞ்சில் இருக்கிறான்.

இதைப் படிக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், இந்த வருடம் படிப்பை முடிக்கும் முதல் பட்டதாரிப் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வையுங்கள். மார்க்கைக் கேட்காதீர்கள். லீவில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். சும்மாதான் இருந்தேன் என்று சொன்னால் விடாமல் இன்னொரு தடவை கேளுங்கள். சொல்லச் சொல்ல ஒரு தாளில் நீங்களே எழுதிக் கொடுங்கள்.